தம்பி ஏறாத குதிரை

உடுமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 24 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு, பத்துப் பதினைந்து வார்த்தை பேசுவான். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஐந்து வயதுப் பெண் குதிரை ஒன்று மூன்று வருடமாகச் சும்மா நிற்கிறது. "காசு வேண்டாம், ஓட்டிக்கொண்டு போங்கள்" என்கிறார். அந்தக் குதிரை பக்கத்தில் நின்றால் மகன் கையை உதறுவது நின்றுவிடுகிறதாம். குதிரையை வாங்கலாமா, வாங்கினால் மகன் குணமாவானா, வீட்டுக்காரர் பயப்படுவது நியாயமா என்று மூன்று கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நியாயம்தான்.

அம்மா, நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸ் முழுக்க மாடு, எருமை, ஆடு, கோழி. குதிரை என்று பார்த்தது பத்து விரலுக்குள் அடங்கும். அதனால் துறை ஆள் சொல்கிறார் என்று இதைப் படிக்க வேண்டாம். குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல், எட்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக்குக் குதிரை வந்த பிறகு, அதுவும் அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் மகனுக்கு 29 வயது. டவுன் சிண்ட்ரோம். வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பிதான். பதினெட்டு வயது வரைக்கும் சிறப்புப் பள்ளி இருந்தது. காலையில் வேன் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். பதினெட்டு முடிந்ததும் வேன் நின்றுவிட்டது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குழந்தையாக இருக்கும்வரை ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி என்று அலைந்தோம். மீசை முளைத்த பிறகு ஒருவரும் எதுவும் சொல்வதில்லை. தம்பி காலையில் சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து வராத வேனைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வருடத்தில் பதினோரு கிலோ ஏறினான். அதில் பாதி தைராய்டு என்று பிறகு தெரிந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது அதிகம், வருடம் ஒருமுறை ரத்தம் பார்த்துவிட வேண்டும். மீதிப் பாதி திண்ணை.

அந்த ஆடியில் அவனை அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே கூடுகிற குதிரைச் சந்தையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். திப்பு சுல்தானே ஆள் அனுப்பிக் குதிரை வாங்கினார் என்று எங்கள் பக்கம் சொல்லிக்கொள்வார்கள். காத்தியவாரி, மார்வாரி, மட்டக்குதிரை எல்லாம் வரும். தம்பி ஒரு கிழட்டு நாட்டுக்குதிரை பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றான். தொடவில்லை, சிரிக்கவில்லை, சும்மா நின்றான். பள்ளி முடிந்த பிறகு அவன் ஓர் இடத்தில் தானாக நின்றது அன்றைக்குத்தான். உங்கள் மகனின் கை உதறல் நின்றது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் அந்த வருடம் நாங்கள் குதிரை வாங்கவில்லை. அதற்கடுத்த வருடமும் வாங்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கோயில் ஊர்வலத்துக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் குதிரை விடுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், என் மகன் தினமும் வந்து லாயம் கூட்டட்டுமா, கூலி வேண்டாம் என்று கேட்டேன். "கூலி இல்லாம ஆளு வெச்சா எனக்குத்தானுங்க பாவம்" என்றார். ஒரு டீயும் இரண்டு வடையும் கூலி என்று முடிவானது. இரண்டு வருடம் தம்பி அங்கே போனான். நானோ என் மனைவியோ கூடவே உட்கார்ந்திருப்போம். அந்த இரண்டு வருடத்தில் மூவரும் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் குதிரை வாங்கினோம்.

இப்போது குணமாகிற பேச்சு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பெற்றவர்கள் பணத்தையும் மனதையும் இழக்கிறார்கள்.

குதிரைச் சவாரியால் பலன் உண்டு, அது பொய்யில்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு, நாம் நடந்தால் நம் இடுப்பு எப்படி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையுமோ அதே மாதிரி அசைகிறது. நடக்க முடியாத, அல்லது தள்ளாடி நடக்கிற பிள்ளையை மேலே உட்கார வைத்தால் அவன் இடுப்புக்கும் முதுகுக்கும் அந்த அசைவு கிடைக்கிறது. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து செய்தால் சமநிலையும் உட்காரும் பலமும் கூடும், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளிடம் இதைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரிச் சங்கம் 1969இலேயே முறையாகத் தொடங்கிவிட்டது.

எல்லோரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல். 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் என்கிற குதிரைப் போட்டியில் ஆண்களோடு சேர்ந்து போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். 1956இல் மறுபடியும் வெள்ளி. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா, குதிரை குணப்படுத்திவிட்டது என்பார்கள். கதையைச் சரியாகக் கேட்டால் அப்படி இல்லை. அவர் நோய் வருவதற்கு முன்பே தேர்ந்த சவாரிக்காரர். வெள்ளி வாங்கிய அன்றைக்கும் குதிரையில் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டியிருந்தது. கால் குணமாகவில்லை. கால் குணமாகாமலே அவர் செய்ததுதான் அதில் விசேஷம்.

எங்களுக்கு ஒரு பெரிய ஊரில் ஒரு சவாரி நிலையத்தில், ஆறு மாதம் வந்தால் பேச்சு சுத்தமாகிவிடும் என்றார்கள். நான்கு மாதம் போனோம். கடன் வாங்கியும் போனோம். பேச்சு அன்றைக்கு எப்படி இருந்ததோ இன்றைக்கும் அப்படித்தான். தம்பிக்கு ல வராது, ர வராது, குதிரை இன்னும் "குதியை"தான். யாராவது உங்களிடம் ஆட்டிசம் போய்விடும், பேச்சு வந்துவிடும் என்று மாதக் கணக்கு சொன்னால் காசை எடுத்து முடிந்துகொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அங்கே யாரும் கேட்காத ஒன்றை ஓர் எலும்பு டாக்டர்தான் கேட்டார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்வாக இருக்கும். குதிரை ஒரு குலுக்குக் குலுக்கினால் தண்டுவடத்துக்கே ஆபத்து. சவாரிக்கு முன் பரிசோதனை கட்டாயம். உங்கள் மகனுக்கு அந்தப் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வருவது மற்றவர்களைவிட அதிகம். அவனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், நரம்பு டாக்டர் சரி என்று சொல்லும்வரை குதிரை மேல் ஏற்றவே வேண்டாம்.

அப்புறம் எடை. பொதுவாக, குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது, சேணத்தையும் சேர்த்து. எங்கள் மல்லி சின்ன நாட்டுக்குதிரை, 280 கிலோ. கணக்குப் போட்டால் 56 கிலோ. தம்பி 81. ஆக எட்டு வருடமாக எங்கள் வீட்டில் குதிரை இருக்கிறது, எட்டு வருடமாகத் தம்பி அதன் மேல் ஏறியதில்லை. ஊரில் கேட்காத ஆள் இல்லை. "ஏறாத குதிரைக்கு எதுக்குங்க தீனி?" நான் முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சிரித்துவிட்டுப் போய்விடுகிறேன்.

எங்கள் வீட்டில் குதிரை மருந்து இல்லை, வேலை. வளர்ந்த மகனுக்கு அதுதான் இல்லாமல் இருந்தது. ஐந்தரைக்கு எழுந்து தொட்டியில் தண்ணீர் பார்ப்பான். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது லிட்டர் குடிக்கும். லத்தி அள்ளுவான், நாளொன்றுக்கு பத்துப் பன்னிரண்டு கிலோ வரும், அதைக் குழியில் கொட்டுவான். பிரஷ் போடுவான். ராத்திரி கொள்ளு ஊறப்போடுவான். மாலையில் வாய்க்கால் கரையில் இரண்டு கிலோமீட்டர் மல்லியைக் கூட்டிக்கொண்டு நடப்பான், நான் பத்தடி பின்னால். எடை 92இல் இருந்து 81 ஆனது அந்த நடையில்தான். முன்பு ஊரில் அவனை "அந்தப் பாப்பா" என்பார்கள், இருபது வயதுப் பையனை. இப்போது "குதிரைக்காரத் தம்பி". சனிக்கிழமை நான் அவன் கையில் நூறு ரூபாய் கொடுப்பேன். குழி எருவை வெற்றிலைக் கொடிக்கால்காரர் வாங்குகிறார், அந்தக் காசுதான். அதை எடுத்துக்கொண்டு நேராகப் பரோட்டாக் கடைக்குப் போவான். அங்கே அவன் காசு கொடுக்கிற வாடிக்கையாளர். இதை விட்டுவிட்டு சவாரிக்குப் பின்னால் ஓடாதீர்கள்.

ஆனால் ஒரு வேலையை ஒருவனிடம் கொடுத்தால் அதில் தவறும் நடக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் விளம்பரமாகிவிடும்.

இரண்டாம் வருடம், ஒரு கார்த்திகை ராத்திரி. தம்பிக்கு அன்றைக்கு மல்லி மேல் பாசம் பொங்கிவிட்டது. கொள்ளு டிரம் திறந்திருந்தது. எத்தனை படி போட்டான் என்று தெரியாது. பதினோரு மணிக்கு லாயத்தில் சத்தம். மல்லி முன்காலால் தரையைப் பறிக்கிறாள், திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கிறாள், படுக்கிறாள், எழுகிறாள். லத்தி இல்லை. நாடி பார்த்தேன். சும்மா இருக்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28இலிருந்து 44 வரை இருக்க வேண்டும், அன்றைக்கு 70ஐத் தாண்டிவிட்டது. குதிரைக்கு உடம்புதான் பெரிது, இரைப்பை சிறியது. அதோடு குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழேதான் போக வேண்டும், போகாவிட்டால் உயிர். டாக்டர் ஒன்றரை மணிக்கு வந்து வலி ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாரஃபின் எண்ணெய் ஊற்றினார். விடியும்வரை பிடித்துக்கொண்டு நடத்தினோம். தம்பி நெல் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஏன் என்று அவனுக்குப் பாதிதான் புரிந்தது. காலை ஆறேகாலுக்கு ஒரு சின்ன உருண்டை லத்தி விழுந்தது. என் மனைவி, குதிரை என்றால் நாலடி தள்ளி நிற்பவள், அதற்குக் கற்பூரம் காட்டாத குறை. அதற்கப்புறமும் குளம்பில் சூடு ஏறுகிறதா என்று மூன்று நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தானியம் மிஞ்சினால் குளம்புக்குள் வீங்கி நிரந்தரமாக நொண்டியாகிவிடலாம்.

தவறு தம்பியுடையது இல்லை. டிரம்மைத் திறந்து வைத்தவன் நான். அடுத்த நாள் பூட்டு வாங்கினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில். அளவுக் கிண்ணம் மட்டும் தம்பியிடம், சிவப்புக் கிண்ணம், இரண்டு. தண்ணீர் வாளியில் நீலக் கோடு. தரையில் சுண்ணாம்பில் ஓர் அரைவட்டம், மல்லியின் பின்பக்கம் வளைத்து. அதற்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும், நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. பின்னால் போய்க் கட்டிப்பிடிக்கிற பிள்ளைக்கு அந்த வட்டம்தான் காவல். உங்கள் மகன் திடீரென்று ஓடுகிற பழக்கம் உள்ளவன் என்றால் வட்டம் போதாது, கட்டை வேலி போடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, ஒருபோதும். மாடு பிடிக்கிற பழக்கத்தில் நான் சுற்றினேன், பஸ் ஹாரனுக்கு மல்லி எம்பியதில் என் சுண்டு விரல் இன்றைக்கும் நேராக நீட்டாது. மூடிய செருப்பு வேண்டும், உங்கள் எல்லோருக்கும் டெட்டனஸ் ஊசி வேண்டும், குதிரைக்கும் வேண்டும்.

தீனியைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், தோப்புக்காரர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. கோ-4, சூப்பர் நேப்பியர் என்கிற தீவனப்புல் வரப்பெல்லாம் நிற்கும், வெட்டிப் போட்டுவிடுவார்கள். மாட்டுக்குச் சரி. அந்தப் புல்லில் ஆக்சலேட் என்கிற வேதிப்பொருள் அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறே இல்லை. ஆக்சலேட் போய்ச் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும், மாதக் கணக்கில் போனால் முகத்து எலும்பு வீங்கி நொண்ட ஆரம்பிக்கும். நம் பக்கத்துக் கொழுக்கட்டைப் புல்லிலும் அது உண்டு. அருகம்புல் போடுங்கள், நிலக்கடலைக் கொடி போடுங்கள், ஒரு பாத்தி குதிரைமசால் விதையுங்கள். பெயரிலேயே யாருக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கொள்ளு ஒரு கை குறைந்தாலும் பரவாயில்லை, நார்த்தீனி குறையக் கூடாது. எங்களுக்கு எல்லாம் சேர்த்து மாதம் ஏழெட்டாயிரம் ஆகிறது, மருத்துவச் செலவு தனி. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். காளைக்கு லாடம் கட்டுகிறவர் குதிரைக் குளம்பைச் சீவினால் கெடுத்துவிடுவார், தெரிந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று முதலிலேயே பார்த்துவையுங்கள்.

உங்களுக்குக் கிடைக்கிற குதிரைக்கு வருகிறேன். வேண்டாம் என்பதே என் எண்ணம். குதிரை மோசம் என்பதால் இல்லை. ஐந்து வயது என்பது குதிரைக்கு வாலிபம். மூன்று வருடம் சும்மா நின்றது என்றால் பழக்கம் விட்டுப்போயிருக்கும். பழகாத குதிரை, பழகாத வீடு, சொல்லத் தெரியாத பிள்ளை, மூன்றும் சேரக் கூடாது. உங்களுக்கு வேண்டியது பன்னிரண்டு, பதினான்கு வயதான, ஊர்வலத்தில் கொட்டுமேளமும் வெடியும் பார்த்துச் சலித்த ஒரு மந்தக் குதிரை. சந்தையில் பஞ்ச கல்யாணி (நான்கு காலும் முகமும் வெள்ளை), சுழி சுத்தம் (உடம்பில் முடிச் சுழி நல்ல இடத்தில்) என்று விலையேற்றுவார்கள். சுழியை விடுங்கள். அதன் பக்கத்தில் நின்று ஒரு குடையைப் பட்டென்று விரியுங்கள், ஒரு தகரத்தைக் கீழே போடுங்கள். ஓடாமல் திரும்பி உங்களைப் பார்த்தால் அது நல்ல குதிரை. கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று கேளுங்கள். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும், ஹிசாரில் இருக்கிற தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு ரத்தம் அனுப்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு குதிரை 25, 30 வருடம் இருக்கும். எனக்கு 64, மனைவிக்கு 60, மல்லிக்கு 14, தம்பிக்கு 29. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 1980களில் 25 வயதுதான் சராசரி ஆயுள் என்றார்கள், இன்றைக்கு 60 என்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கணக்கில் நாங்கள் இருக்க மாட்டோம். போன பொங்கலுக்கு ஓசூரிலிருந்து மகள் வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, தம்பியை நான் பார்த்துக்குவேன். அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா குதிரையை என்னால முடியாது. ரெண்டாவது மாடி ஃபிளாட்டுல எங்கே கட்டுவேன்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் உயிரோடு இருக்கும்போதே சொன்னாளே என்று பிறகு நிம்மதியாகவும் இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெரியவரின் மகனிடம் பேசி எழுதி வைத்திருக்கிறேன்: எங்களுக்கு ஏதாவது ஆனால் மல்லி அங்கே போவாள். தம்பி எந்த ஊரில் இருந்தாலும் லீவுக்கு வந்து பார்க்கலாம்.

தம்பிக்கான காகிதங்களையும் ஒழுங்கு செய்துவிட்டோம், நீங்களும் செய்யுங்கள். பதினெட்டு முடிந்தால் பெற்றவர்கள் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆவதில்லை. எனக்கு இது ஒரு வங்கியில் கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்பியபோதுதான் தெரிந்தது. 1999ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க வழி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்கு மனுப் போட வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை கிடைக்கும். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. உங்கள் வீட்டுக்காரர் அரசு ஊழியர் என்றால் மகன் பெயரைக் குடும்ப ஓய்வூதியத்துக்கு இப்போதே பதிந்துவிடுங்கள், சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அது ஆயுள் முழுக்க உண்டு. குதிரை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

பக்கத்துத் தோட்டத்துக் குதிரையை அங்கேயே விடுங்கள். தீவனத்துக்குப் பாதிக் காசு தருகிறேன், என் மகன் தினமும் வந்து லத்தி அள்ளட்டும் என்று கேட்டுப் பாருங்கள். வேலிக்கு வெளியே நின்றே தொடங்குங்கள், உங்களில் ஒருவர் எப்போதும் கூட இருங்கள். ஓர் ஐப்பசி மழை, ஒரு தீபாவளி வரைக்கும் போகட்டும். மழையில் லாயம் சேறாகி ஈ மொய்க்கும்போதும் அவன் போகிறேன் என்கிறானா பாருங்கள். தீபாவளி ராத்திரி எங்கள் வீட்டில் தம்பிக்கும் மல்லிக்கும் ஒரே பயம். லாயத்துக் கதவைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, மூவரும் உள்ளே உட்கார்ந்திருப்போம். வெடி ஓய்ந்த பிறகு என் மனைவி வெளியிலிருந்து, "ஏனுங்க, மூணு பேரும் சாப்பிட வாங்க" என்பாள்.

நேரில் பார்க்க ஆசை என்றால் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு வாருங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை வேண்டாம், தம்பி தூங்குவான், மல்லி நின்றுகொண்டே தூங்குவாள். வருகிறவர்கள் எல்லோரும் குதிரைக்கு என்று வெல்லமும் தம்பிக்கு என்று ஜிலேபியும் வாங்கி வருகிறார்கள். இரண்டும் வேண்டாம். அவனுக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, அவளுக்கும் ஆகாது. கேரட் கொண்டு வாருங்கள், இருவரும் தின்பார்கள்.